கேமராவுக்கு நெற்றி இல்லை

முதன்முதலாக ஒரு கேமரா வாங்க நினைக்கிறவன் மலாக்காவில் யாரைக் கேட்பான்? என்னைத்தான் கேட்பான். என் போட்டோ ஸ்டூடியோவில் நான் நின்ற காலத்திலும் கேட்டார்கள், அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் இப்போதும் கேட்கிறார்கள். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்த ஊரில் பாதித் தமிழர் வீட்டு அலமாரியில் இருக்கிற கல்யாண ஆல்பம் என் கை பட்டது. டாக்டராக இருந்தாலும் சரி, வக்கீலாக இருந்தாலும் சரி, தாடையைத் தூக்கு என்றால் தூக்கியாக வேண்டும். தூக்கினார்கள். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லாம் நானாகப் பார்த்து, நானாகக் கெடுத்து, நானாகப் படித்தது.

கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விலை குறைந்ததையே வாங்கு, அதில் வெட்கமில்லை. ஆனால் யாரை எடுக்கப் போகிறாய், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறாய் என்று முடிவு பண்ணிவிட்டு வாங்கு. கடைக்காரன் காட்டுகிற பளபளப்பை நம்பாதே. இதைச் சொல்லி முடித்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். ஏனென்றால் என் முதல் கேமராவை நான் அப்படித்தான் ஒரு குறையும் இல்லாமல் தேர்ந்தெடுத்தேன். யாருக்காக அதை வாங்கினேனோ அவள் முகம் மட்டும் அதில் விழவேயில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊர்ப் படாங் மைதானத்தில் கூட்டம் கூடி ஆர்ப்பரித்து ஓய்ந்திருந்த சமயம். அம்மாவும் நானும் தோட்டத்தை விட்டு வந்து காஜா பெராங்கில், கம்போங் செட்டியில் ஒரு வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். நான் லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டிச் சமூகம், பல தலைமுறைக்கு முன்னே வந்து இந்த மண்ணோடு கலந்துவிட்ட தமிழ் வம்சம். அவருக்குத் தமிழ் பேச வராது, வாயைத் திறந்தால் மலாய்தான். சாமி பெயரும் சடங்கின் பெயரும் மட்டும் தமிழாக இருக்கும். ஆனால் சடங்கென்று வந்துவிட்டால் நம்மாட்களைவிட நூறு மடங்கு கண்டிப்பு. பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்குப் படையல் வைப்பார்கள். கூடத்துச் சுவரில் தாத்தா, பூட்டன், கொள்ளுப்பாட்டி என்று படங்கள் வரிசையாகத் தொங்கும். தரையில் இலை இலையாகப் போட்டு, செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, சாம்பிராணி போட்டு, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கும்பிடுவார்கள்.

எங்கள் அப்பாவுக்குப் படம் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அவர் செத்த நாளும் தெரியாது. அம்மா ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் நிரப்பி, திருநீறு பூசி, அதைத்தான் அப்பாவாக வைத்துக் கும்பிடுவாள். எனக்கு அவருடைய தோள் ஞாபகம் இருந்தது, தோளில் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட முடி ஞாபகம் இருந்தது. முகம் போய்விட்டது. எவ்வளவு முட்டிக்கொண்டாலும் வரவில்லை.

அந்த வருடம் படையலுக்கு எங்களையும் கூடத்துக்குக் கூப்பிட்டார் வீட்டுக்காரம்மா. உன் வீட்டுக்காரர் படத்தையும் கொண்டு வந்து வை என்று அம்மாவிடம் மலாயில் சொன்னார். அம்மா சொம்பைக் கொண்டுபோய் வைத்தாள். அந்த அம்மாள் சொம்புக்கும் ஓர் இலை போட்டார். சுவரிலிருந்து அத்தனை முகங்கள் பார்க்க, கீழே எங்கள் சொம்பு மட்டும் முகமில்லாமல் இருந்தது.

திரும்பி வந்து பாயில் சாய்ந்ததும் அம்மா கேட்டாள். "நான் போனா எனக்கும் சொம்புதானாடா?"

ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், படம் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் எல்லோருக்கும்தான் எடுத்தார்கள். தோட்டத்து மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, நெஞ்சுக்கு நேரே எண் எழுதிய பலகையைப் பிடிக்கச் சொல்லி எடுத்த படம் அது. அந்த அட்டையை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டே பால்மரம் வெட்டப் போனவள். மழையும் வியர்வையும் ஊறி, படமிருந்த இடம் அழுக்குத் திட்டாகிவிட்டது. படம் தெளிவாக இருந்த காலத்திலேயே, "இது நான் இல்ல, ஜெயில்ல பிடிச்ச எவளோ" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அப்போதே அவளுக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்து விரும்பினதைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தமென்று மூன்றாம் வகுப்புக்காரனுக்கும் புரியும். மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் உட்கார வைத்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். "வயித்தத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஊர்கோலம் போக நான் என்ன தேராடா?" என்றாள். அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. எதற்கு ஸ்டூடியோக்காரன், நானே கேமரா வாங்கி உன்னை இந்த அறையிலேயே வைத்து எடுக்கிறேன் பார் என்றேன். அதுவரை ஒரு கேமராவைக் கையில் தொட்டதுகூடக் கிடையாது. சொன்னால் செய்கிறவன் நான்.

பெண்டஹாரா சாலையில் தமிழ் முஸ்லிம் ஒருவர் கடை வைத்திருந்தார், எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். கைக்கடிகாரம், பேனா, டார்ச்லைட்டு எல்லாம் அடுக்கிய கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் கேமராக்கள் இருக்கும். லோரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கிப் போய் நிற்பேன். வாங்காமல் பார்த்துக்கொண்டே நிற்கிறவனை விரட்டாத மனிதர். கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததற்கும் சொல்வார்.

முதலில் பெட்டிக் கேமராவை எடுத்துக் காட்டினார். கறுப்பு அட்டைப் பெட்டி மாதிரி இருக்கும், ஒரே ஒரு விசை. ஏழைக்கு ஏற்ற விலை. பள்ளிக்கூடத்துப் பையன்கூட அமுக்கலாம். அறைக்குள் வைத்து எடுக்கலாமா என்று கேட்டேன்.

"தம்பி, இது வெயிலுக்குப் பொறந்த சாமான். வெயில் இருந்தா படம், இல்லாட்டி பாவம்," என்றார்.

இரண்டு கண்ணாடி வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா ஒன்று மேல்தட்டில் இருந்தது. அதைக் காட்டச் சொன்னதும் சிரித்துவிட்டு, லோரியை வித்துட்டு வா என்றார். விற்பதற்கு லோரி என்னுடையது இல்லையே.

ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் சாமான்களைக் கடைகளில் தள்ளிவிட்டுப் போன காலம் அது. அப்படி வந்த ஒரு மடிப்புக் கேமராவும் நானாவிடம் இருந்தது. மூடியைத் திறந்தால் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகத் தோல் வெளியே வரும், அதன் நுனியில் கண்ணாடி. ஜெர்மன்காரன் செய்தது. ஒரு நொடி வரை திறந்து வைக்கிற வேகமும் அதில் இருந்தது, அதாவது அறைக்குள் இருக்கிற மங்கல் வெளிச்சத்திலும் படம் விழும். பழையது என்பதால் என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது.

அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிற ஆளா நான்? நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தோல் மடிப்புகளில் விரிசல் விடும், ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் புகுந்து படத்தைத் தின்றுவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லோரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவனுக்கு ஓட்டையைப் பற்றித் தெரியாதா? கடையின் உள்ளறைக்குப் போய், கதவைச் சாத்தச் சொல்லி, டார்ச்லைட்டைக் கேமராவின் வயிற்றுக்குள் விட்டு வெளியே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் கசியவில்லை. கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்று வானத்தைக் காட்டிப் பார்த்தேன். ஒரு நொடி வேகத்தில் வைத்து விசையை அமுக்கி, வெளிச்சத்தை விட்டு மறைக்கிற உள்தகடுகள் திறந்து மூடுகிறதைக் கவனித்தேன். இதற்குத் தோதான பிலிம் சுருள் ஊரில் கிடைக்குமா என்றும் கேட்டேன். நானாவே அசந்து போனார். "வெள்ளைக்காரன்கூட இவ்வளவு பார்த்து வாங்கிருக்க மாட்டான்லா," என்றார். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்ததையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். ஓர் ஓட்டை கிடையாதும்மா, கல்லு மாதிரிக் கேமரா என்றேன். அவளுக்கு அப்படிச் சந்தோஷம்.

இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கையிருப்புக்கும் அந்த அறை வெளிச்சத்துக்கும் அதைவிடப் பொருத்தமான முதல் கேமரா கிடையாது.

பிலிமைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, கொஞ்சம் பொறு என்றாள் அம்மா. புதிதாக ஒரு சாமான் வீட்டுக்கு வந்தால் பூசை போடாமல் தொடுவோமா? தோட்டத்தில் பால் வெட்டுகிற கத்திக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுத்தான் முதல் கோடு போடுவாள். எங்கள் முதலாளி புது லோரி எடுத்தபோது டயருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டுத்தான் ரோட்டில் இறக்கினார். கேமரா என்ன, வானத்திலிருந்தா வந்தது? எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வீட்டுக்காரம்மா தன் பங்குக்குச் சாம்பிராணித் தட்டோடு வந்துவிட்டார். ஒரு பலகையைக் கழுவிப் போட்டு, அதன்மேல் கேமராவை விரித்து வைத்தோம்.

அம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து, மூன்று விரலில் தொட்டுக்கொண்டு, கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு நெத்தி எதுடா?"

"இதுக்கு ஏதும்மா நெத்தி? கண்ணு மட்டுந்தான்."

"அப்ப அங்கதான் வைக்கணும். கண்ணு வச்சுப் பாக்கறதுக்குத்தான் கண்ணு படும்," என்று சொல்லி, கண்ணாடியின் நடுவில் அழுத்தி வைத்தாள். சந்தனத்தின் மேல் குங்குமம். பிறகு சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரைத் தொட்டுத் தெளித்தாள். வீட்டுக்காரம்மா சாம்பிராணி காட்டினார். கற்பூரம் ஏற்றி நான் மூன்று சுற்றுச் சுற்றினேன். அம்மாவின் முகத்தில் அவ்வளவு வலியிலும் ஒரு நிறைவு இருந்தது. தன் கையால் செய்கிற காரியமெல்லாம் அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்த நாட்கள், இதையாவது செய்தாளே என்று எனக்கும் மனம் குளிர்ந்தது.

மறுநாள் காலையில் கண்ணாடியை என் சட்டை நுனியால் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. மேல் கண்ணாடிதான் பளிச்சென்று ஆனது. சந்தனத் தண்ணீர் விளிம்பு வழியாக இறங்கி உள்ளே தகடுகளுக்கு நடுவில் காய்ந்துகிடந்தது யாருக்குத் தெரியும்?

ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தோம். வீட்டுக்காரம்மா தலை சீவிவிட்டு, தன்னுடைய சால்வை ஒன்றைக் கொண்டுவந்து வீங்கிய வயிற்றை மறைத்துப் போட்டுவிட்டார். கேமராவை ஒரு ஸ்டூலில் வைத்துக் கயிற்றால் கட்டினேன், அசையக் கூடாதல்லவா. மூச்சைப் பிடி என்பேன், அம்மா பிடிப்பாள், விசையை அமுக்குவேன், 'டிக்' என்று சத்தம் வரும். சத்தம் சரியாகத்தான் வந்தது. சுருளில் இருந்ததே எட்டுப் படம், எட்டும் அவளுக்கே. கடைசியில் ஒன்றுக்குச் சிரித்தாள். எதற்கென்று கேட்டேன். "சும்மா மிரட்டாதடா, உங்கப்பன் தாலி கட்டறப்பகூட இப்படி மூச்சப் பிடிக்கச் சொல்லல," என்றாள்.

சுருளைக் கழுவ, டவுனில் இருந்த சீனரின் ஸ்டூடியோவில் கொடுத்தேன். அதற்குள் ஜொகூருக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருந்தது. வந்ததும் நேராக அங்கே போய் நின்றேன். தவுக்கே, அதாவது அந்தச் சீன முதலாளி, பிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முதலிலிருந்து கடைசி வரை கறுப்பு. கோடு இல்லை, நிழல் இல்லை, ஒன்றுமேயில்லை. "ஹாபிஸ்," என்றார். மலாயில் எல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம். வெளிச்சம் பட்ட இடம்தான் பிலிமில் கறுக்கும், அது மொத்தமாக உள்ளே புகுந்துவிட்டது என்றார். காசு வேண்டாமென்றும் சொன்னார், அது இன்னும் வலித்தது.

வீட்டுக்குப் போகாமல் நானா கடைக்கு ஓடினேன். அவர் பின்மூடியைத் திறந்து, விசையை அமுக்கிப் பார்த்தார். தகடுகள் திறந்தபடியே நின்றன, மூடவில்லை. பேனாக் கத்தியின் முனையால் மெல்லச் சுரண்டினார். மஞ்சளாக ஒரு பொருக்கு வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனமா?" என்றார்.

தலையாட்டினேன். சிங்கப்பூருக்கு அனுப்பிப் பிரித்துக் கழுவ வேண்டும், நாளாகும் என்றார். எனக்கு நாள்தானே இல்லை.

அம்மா பிலிமைக் காட்டச் சொன்னாள். மறைக்கலாமென்று பார்த்தேன், கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள்.

"நான் எங்கடா இதுல?"

கேமரா பழசும்மா, எங்கேயோ ஓட்டை, வெளிச்சம் புகுந்துவிட்டது என்றேன்.

"நீதானே டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஒரு ஓட்ட இல்லேன்ன? கல்லு மாதிரின்ன?"

ஊரெல்லாம் பேசி ஜெயித்த வாய், அந்தப் பாயின் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. கேமராவில் குறை என்று அவள் நம்ப மாட்டாள், நம்பாதபடி நானே பண்ணி வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லலாம், உன் கை வைத்த சந்தனம்தான் அம்மா என்று. கடைசியாக மனதாரச் செய்த ஒரு காரியம் அது. அதையா போய்க் கெடுத்தது என்று சொல்வது? எந்த மகன் சொல்வான்?

நான் சும்மா இருந்ததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கறுப்புப் பிலிமைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"கெளம்பிட்டவங்களுக்குப் படம் விழாதுடா. எங்க தோட்டத்துல சொல்லுவாங்க. விடு."

அப்படியெல்லாம் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். தவுக்கேயிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பல்பு விளக்கெல்லாம் கொண்டுவந்து வீட்டிலேயே எடுத்துத் தருவார் என்றேன். வீட்டுக்காரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னொருத்தர் முன்னாலும் விழாமல் போனால் அதை என்னால் தாங்க முடியாது, வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு படப் பேச்சை எடுத்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். யாரும் எடுக்காமலேயே மூடிக்கொள்வாள். நான் கஞ்சி கொண்டுபோனால்கூட என் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திறப்பாள். சாகிற வரைக்கும் தன் முகத்தைத் தானே இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தாள். காரணம் தெரிந்த ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் போய்விட்டாள்.

நம் வீடுகளில் பிரேதத்தைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் உண்டே. வீட்டுக்காரம்மா சொல்லித் தவுக்கே வந்தார். பெட்டியைச் சற்றே நிமிர்த்தி வைத்தார்கள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அவள் மூடிய முகத்தைத் திறந்தது அன்றைக்குத்தான், அதுவும் அவள் திறக்கவில்லை. விளக்கு வெடித்து அடங்கியது. ஐ.சி.யைச் சாவுப் பதிவில் வாங்கிக்கொண்டார்கள், அந்த அழுக்குத் திட்டும் போயிற்று.

பதினாறாம் நாளுக்குச் சுவரில் மாட்ட முகம் மட்டும் வேண்டும் என்றேன். தவுக்கே அந்தப் படத்திலிருந்து தலையைத் தனியே எடுத்துப் பெரிதாக்கினார். கண் மூடியிருக்கிறதே, மாட்ட முடியாதே என்றேன். அதற்கென்ன, திறந்துவிடலாம் என்றார். மூடிய இமைக்கு மேல் மெல்லிய தூரிகையால் கண் வரைவது அவர்கள் தொழிலில் சகஜம். பின்னாளில் நானே எத்தனையோ பேருக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன், உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று காலில் விழுந்திருக்கிறார்கள். கண் எப்படி இருக்கும், பெரிதா சிறிதா என்று என்னிடம் கேட்டார் தவுக்கே. சொல்லத் தெரியவில்லை. அம்மா கண் மாதிரி இருக்கும் என்றேன். அவருக்கு அது எப்படி விளங்கும்? அவர் கைக்குப் பழகின ஒரு கண்ணை வரைந்து வைத்தார். நல்ல கண்தான். நேராகப் பார்க்கிற, மை தீட்டின மாதிரி, யாரோ பணக்கார வீட்டம்மாளின் கண்.

இன்றைக்கும் என் வீட்டுக் கூடத்தில் அதுதான் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் மாலை போட்டு, பாட்டிக்கு என்ன அழகான கண் என்கிறார்கள். நான் ஆமாம் என்கிறேன். முதலில் சில வருடம் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், இது அவளில்லை, அவளில்லை என்று மனதுக்குள் ஒன்று கத்தும். அவளுடைய கண்ணை நினைவில் தேடி எடுத்து இதன்மேல் வைத்துப் பார்ப்பேன். அப்புறம் தேடினால் சீக்கிரம் கிடைக்கவில்லை. அப்புறம் தேடுவதே குறைந்தது. இப்போது கண்ணை மூடி அம்மா என்று நினைத்தாலும், ஜன்னலோரம் சால்வையோடு உட்கார்ந்து என்னைக் கேலி பண்ணிச் சிரிக்கிறவளுக்கும், தவுக்கே வரைந்த கண்தான் இருக்கிறது. அந்தப் பணக்கார வீட்டம்மாள்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.